பருந்தை இனங்காணல்: கள வழிகாட்டி நூல்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

விமர்சகர்களின் கவனத்துக்குரியவை எனப் பொதுவாகக் கொள்ளப்படும் நூல்களுள், பறவைகளை இனங்காண உதவும் கையேடுகள் இடம்பெறுவதில்லை. அவை பயன்பாட்டு நூல்கள், ஓய்வுநேரப் பொழுதுபோக்குக்கு உரியவை என்று ஒதுக்கப்படுகின்றன. ஆயினும் ஒரு சமுதாயம் இயற்கையை எவ்வாறு நோக்கியது, அந்நோக்கு யாருடைய தேவையிலிருந்து எழுந்தது, அதனாற் பெறப்பட்ட அறிவு எவர் கைக்குச் சென்றது என்னும் வினாக்களை எழுப்புவோர் இந்நூல்களைப் புறக்கணித்தல் இயலாது. ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய கள வழிகாட்டி நூல்கள், ஒன்றையொன்று மிக ஒத்த இரு வேட்டைப் பறவைகளை வேறுபடுத்திக் காட்ட மேற்கொண்ட முயற்சியை இக்கட்டுரையில் ஆராய்வோம். அம்முயற்சியின் வெற்றியும் தோல்வியும் புலமைத் தளத்தோடு நின்றுவிடவில்லை. பல்லாயிரம் பறவைகளின் உயிர் அதனோடு பிணைந்திருந்தது என்பதே எமது வாதமாகும்.

நாம் எடுத்துக்கொள்ளும் பறவைகள் இரண்டும் வல்லூறு வகையைச் சேர்ந்தவை. குறுகிய, வட்டமான சிறகுகளும் நீண்ட வாலும் உடையனவாய், மரங்களிடையே விரைந்து புகுந்து சிறு பறவைகளைப் பற்றி உண்பவை. ஆங்கிலத்தில் 'ஷாப் ஷின்ட்' எனப்படுவதனைச் சிறுவல்லூறு என்றும், மற்றையதனை அதன் வழக்குப்பெயர் கொண்டு கூப்பர் வல்லூறு என்றும் இங்கு சுட்டுவோம். முதிர்ந்த பறவைகள் இரண்டுக்கும் முதுகு நீலச்சாம்பல், மார்பு செங்கபிலக் குறுக்குவரிகள், கண் செந்நிறம். இளம்பறவைகள் இரண்டுக்கும் முதுகு கபிலம், மார்பு நெடுக்குக் கீற்றுகள், கண் மஞ்சள். இரண்டின் வாலிலும் கரும்பட்டைகள் உள.

பருமனாற் பிரித்தறியலாமே என ஒருவர் கேட்கக்கூடும். சிறுவல்லூறு 24 முதல் 34 சென்ரிமீற்றர் வரை நீளமுடையது. கூப்பர் வல்லூறு 37 முதல் 45 வரை. எண்களைத் தாளில் நோக்குமிடத்து ஐயத்துக்கே இடமில்லை. ஆனால் இவ்வகைப் பறவைகளிற் பெண் ஆணைவிடப் பெரிது. பெரிய சிறுவல்லூற்றுப் பெண்ணுக்கும் சிறிய கூப்பர் ஆணுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மூன்று சென்ரிமீற்றர் அளவினதே. தனித்த ஒரு பறவை வானத்தைக் கடக்கையில் அதனருகே வைத்து ஒப்பிட அளவுகோல் எதுவும் இல்லை. அளவு என்பது பறவை கையில் இருக்கும்போது உறுதியான சான்று. கள நிலையில் அது பெரும்பாலும் பார்ப்பவனின் ஊகமே.

2

'கையில் இருக்கும் பறவை' என்பது வெறும் சொற்றொடரன்று. ஒரு காலகட்டத்தின் ஆய்வு முறையே அதுவாக இருந்தது. 1895இல் வெளிவந்த பிராங் சப்மனின் கிழக்கு வட அமெரிக்கப் பறவைகள் பற்றிய கைந்நூல் அக்காலப் புலமையின் சிறந்த விளைபொருள்களுள் ஒன்று. அதன் இனங்காண் திறவுகள் சிறகின் நீளம், வாலின் நீளம், காலின் அளவு என்பவற்றை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றைப் பயன்படுத்த வேண்டுமாயின் பறவை இறந்திருத்தல் வேண்டும். சுடுதல், தோலுரித்தல், பஞ்சடைத்தல், அளத்தல் என்னும் ஒழுங்கிலேயே அறிவு உருவாயிற்று. துப்பாக்கியும், சேகரிப்பதற்கான ஓய்வும், பேணிவைக்க நூதனசாலையும் உடையோரே பறவையை அறிந்தோராயினர். பறவையைத் தினமும் கண்ட உழவனின் அறிவு அவ்வேடுகளில் ஏறுதற்கு வழி இருக்கவில்லை.

இந்நிலையில் 1934ஆம் ஆண்டு றோஜர் ரோறி பீற்றர்சனின் 'பறவைகளுக்கான கள வழிகாட்டி' வெளிவந்தது. முதற் பதிப்பின் 2,000 பிரதிகளும் மிக விரைவில் விற்றுத் தீர்ந்தன. பீற்றர்சன் பல்கலைக்கழகப் புலமையாளர் அல்லர். ஓவியக் கல்வி பெற்ற இளைஞர். ஒத்த பறவைகளை ஒரே நிலையில், ஒரே பக்கத்தில், எளிய உருவங்களாக வரைந்து, வேறுபாடு தோன்றும் இடங்களைச் சிறு கோடுகளாற் சுட்டிக்காட்டினார். திறவுகளின் நீண்ட சொற்றொடர்களை அவர் விலக்கினார். எது எதிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதே அவர் எழுப்பிய ஒரே வினா.

இம்முறையின் சமுதாய முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில், சட்டைப்பையில் அடங்கும் ஒரு நூலும் மலிவான ஒரு தொலைநோக்குக் கண்ணாடியும் கொண்டு, எழுதுவினைஞரும் பாடசாலை மாணவரும் ஒரு பறவையை உயிரோடு விட்டவாறே பெயர் சொல்ல இயலுமாயிற்று. அறிவு நூதனசாலையிலிருந்து தெருவுக்கு வந்தது. பீற்றர்சனின் நூலை ஒரு சனநாயக நூல் என்போமாயின் அது மிகையாகாது.

ஆயினும் ஒரு நூலின் முற்போக்கான பாத்திரத்தை ஏற்றுக்கொள்வது அதன் முறையின் குறைபாடுகளைக் காணாதிருத்தற்குக் காரணமாகாது. நீர்நிலையில் மிதக்கும் வாத்துகளுக்கு அவரது முறை பெரிதும் பொருந்துகிறது. வாத்து அசையாது மிதக்கிறது. அதன் நிறத்திட்டுக்கள் சீருடைபோல இனத்தைக் காட்டுகின்றன. வல்லூறு அவ்வாறு நிற்பதில்லை. பருந்துகளுக்குக் கீழிருந்து நோக்கும் உருவங்களைப் பீற்றர்சன் வரைந்தமை அவர் இச்சிக்கலை உணர்ந்திருந்தார் என்பதைக் காட்டும். எனினும் இரு வல்லூறுகளையும் பிரிக்க அவர் முதன்மையாக முன்வைத்தது வாலின் நுனியையே: சிறுவல்லூற்றின் வால்நுனி சதுரமானது, கூப்பரின் வால்நுனி வட்டமானது.

3

இவ்வொற்றை அடையாளத்தின் கதியை நுணுகி ஆராய்தல் பயன் தரும்.

உடற்கூற்று அடிப்படையில் அது உண்மையே. கூப்பர் வல்லூற்றின் வெளிப்புற வாலிறகுகள் நடு இறகுகளைவிடத் தெளிவாகக் குறுகியவை. ஆகவே நுனி வளைகிறது. சிறுவல்லூற்றின் வாலிறகுகள் ஏறக்குறைய ஒரே நீளமானவை. ஆகவே நுனி நேராக அமைகிறது. ஆனால் பறவை தன் வாலைச் சுருக்கியும் விரித்தும் பறப்பது. சிறுவல்லூறு வாலை விசிறிபோல் விரிக்குமாயின் சதுரம் வட்டமாகிறது. கூப்பர் தன் வாலை இறுக மடிக்குமாயின் வட்டம் சதுரமாகிறது. இறகுதிர்ப்புக் காலத்தில் இறகுகள் அரைகுறையாக வளர்ந்து நிற்க, எவ்வடிவமும் தோன்றலாம். கூப்பரின் வால்நுனியிலுள்ள அகன்ற வெள்ளை விளிம்பு நல்ல சான்று. ஆனால் அது ஆண்டு முழுதும் தேய்ந்துகொண்டே வருவது.

ஏனைய அடையாளங்களும் இத்தன்மையனவே. முதிர்ந்த கூப்பரின் கரிய உச்சி, வெளிறிய பிடரியிலிருந்து தொப்பிபோலப் பிரிந்து நிற்கும். சிறுவல்லூற்றின் கருமை பிடரிவரை இறங்கி முக்காடுபோல் அமையும். இது மிக நல்ல அடையாளம். ஆனால் இலையுதிர்காலத்தில் மலைத்தொடர்களை ஒட்டித் தெற்கே செல்லும் கூட்டத்தில் இளம்பறவைகள் மிகுதி. அவற்றுக்கு இவ்வடையாளம் இல்லை. சிறுவல்லூற்றின் கால்கள் எழுதுகோல்போல் மெல்லியவை. பறக்கையில் அவை தென்படா. இளங்கூப்பரின் மார்புக் கீற்றுகள் மெல்லியனவாய் வயிற்றருகே அருகிவிடும். சிறுவல்லூற்றின் கீற்றுகள் தடித்துக் கலங்கலாகக் கீழ்வரை செல்லும். இதனைக் காணப் பறவை அண்மையிலும் நல்ல ஒளியிலும் இருத்தல் வேண்டும்.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? அடையாளங்கள் பொய்யானவை என்பதன்று. ஒவ்வோர் அடையாளமும் ஒரு நிபந்தனைக்குள் மெய்யாகிறது. அந்நிபந்தனையைக் கூறாது அடையாளத்தை மட்டும் கூறும் நூல் அரைகுறை உண்மையையே கூறுகிறது. கவிதையொன்றை அதன் யாப்பினால் மட்டும் அல்லது உள்ளடக்கத்தால் மட்டும் மதிப்பிடும் விமர்சனம் எவ்வாறு குறைபாடுடையதோ அவ்வாறே ஒற்றை அடையாளங்கொண்டு பெயரிடுதலும் குறைபாடுடையது.

1988இல் பீற் டன், டேவிட் சிப்லி, கிளே சற்றன் ஆகிய மூவரும் வெளியிட்ட 'பறக்கும் பருந்துகள்' என்னும் நூல் இக்குறையை நேரடியாக எதிர்கொண்டது. நியூ ஜேர்சி மாநிலத்தின் கேப் மே முனையிற் பருந்துகளை ஆண்டுதோறும் எண்ணிவந்தோரின் அனுபவம் அந்நூலின் அடித்தளம். நிறத்துக்கு அதிற் சிறிதளவு இடமே உண்டு. உருவத்தின் விகிதங்களும் இயக்கமுமே முதன்மை பெறுகின்றன. சிறுவல்லூறு தன் சிறகின் மணிக்கட்டை முன்னே தள்ளிப் பறப்பது. அதனாற் சிறிய தலை தோள்களுக்குள் புதைந்து தோன்றும். கூப்பர் தன் சிறகின் முன்விளிம்பை நேராக நீட்டுவது. அதனாற் பெரிய தலை முன்னே துருத்தி நிற்க, நீண்ட வால் பின்னே செல்ல, உருவம் சிலுவைபோல் அமையும். முன்னதன் சிறகடிப்பு எண்ண இயலாத விரைவுடையது. பின்னதன் சிறகடிப்பு விறைப்பானது, எண்ணக்கூடியது. காற்றிற் சிறுவல்லூறு அலைக்கப்படும். கூப்பர் நிலைபெற்றுச் செல்லும்.

இங்கு நிகழ்ந்தது முறையியல் மாற்றமாகும். நின்ற பறவையின் உறுப்பு என்னும் நிலையிலிருந்து இயங்கும் பறவையின் முழுமை என்னும் நிலைக்கு இனங்காணல் நகர்ந்தது. எனினும் இந்நூலும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதன்று. முழுமையைச் சொல்லப் புகும்போது அது உவமைகளையும் மனப்பதிவுகளையும் பெரிதும் நாடுகிறது. ஆயிரம் பருந்துகளைக் கண்டவனுக்கு அவ்வுவமை உடன் விளங்கும். பத்துப் பருந்துகளைக் கண்டவனுக்கு விளங்காது. ஆக, பீற்றர்சன் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்த அறிவை இது மீளவும் அனுபவசாலிகளின் குழுவொன்றுக்குள் சுருக்கிவிடும் அபாயம் உண்டு. எளிமை உண்மையைக் குறைக்கிறது. நுட்பம் வாசகரைக் குறைக்கிறது. கள வழிகாட்டி என்னும் வடிவத்தின் அடிப்படை முரண்பாடு இதுவே எனலாம்.

இன்று பலர் புகைப்படம் எடுத்துக் கைத்தொலைபேசிச் செயலியிடம் பெயர் கேட்கின்றனர். இதனை வெறுமனே இகழ்தல் பிற்போக்காகும். எத்தனையோ புதியோரை அது இத்துறைக்கு ஈர்த்துள்ளது. ஆனால் புகைப்படம் இயக்கத்தை நிறுத்திவிடுகிறது. சிறகடிப்பின் விரைவு, காற்றில் அலையும் தன்மை ஆகிய இரு நல்ல சான்றுகளும் அதில் இல்லை. துப்பாக்கி செய்ததை உயிர்க்கொலை இன்றிக் கமரா செய்கிறது: அசைவற்ற ஒரு மாதிரியை அது எம் கையில் தருகிறது. சப்மனின் காலத்துச் சிக்கல் புதிய வடிவிற் திரும்பியிருப்பதனை வாசகர் உணர்தல் வேண்டும்.

ஒற்றுமைக்கான காரணம் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். இரு வல்லூறுகளும் நீண்டகாலம் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. மரபணு ஆய்வுகளின் அடிப்படையில் 2024இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டில் கூப்பர் வல்லூறு வேறொரு பேரினத்துக்கு மாற்றப்பட்டது. சிறுவல்லூறு பழைய பேரினத்திலேயே நின்றது. இத்துணை ஒத்த இரண்டும் நாம் எண்ணியதுபோல் நெருங்கிய உறவினர் அல்ல. மரங்களிடையே பறவைகளை வேட்டையாடும் வாழ்முறையே இரண்டையும் ஒரே வார்ப்பில் வைத்திருக்கிறது. தோற்ற ஒற்றுமையைக் குருதியுறவாகக் கொள்ளும் பழக்கத்துக்கு இது நல்லதொரு மறுப்பாகும்.

4

இவ்வளவு நுணுக்கமும் எதற்கு? வசதி படைத்தோரின் பொழுதுபோக்குக்குப் புலமை முலாம் பூசுகிறோமா என்னும் வினா நியாயமானதே. அதற்கான விடை பென்சில்வேனியா மாநிலத்தின் சரித்திரத்தில் உளது.

1885இல் அம்மாநிலச் சட்டசபை, கொல்லப்படும் ஒவ்வொரு பருந்துக்கும் ஆந்தைக்கும் 50 சதம் வழங்கும் சட்டமொன்றை இயற்றியது. பண்ணையாளர்களின் கோழிகளைக் காத்தலே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. கோழியைத் தூக்குவது எப்பருந்து, வயலெலிகளை உண்டு விளைச்சலைக் காப்பது எப்பருந்து என்னும் வேறுபாடு அச்சட்டத்தில் இல்லை; எல்லாமே கோழிப்பருந்துதான். ஹாற் மெரியம் என்னும் அரசாங்க விலங்கியலாளர் அதன் கணக்கை ஆராய்ந்தார். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகளில் 1,875 டொலர் பெறுமதியான கோழிகளைக் காக்க மாநிலம் 90,000 டொலர் செலவிட்டிருந்தது என்பது அவரது மதிப்பீடு. கொல்லப்பட்ட பறவைகள் உண்டிருக்கக்கூடிய எலிகளால் உழவருக்கு நேர்ந்த இழப்பு வேறு.

1893இல் ஏ. கே. பிஷர், பருந்துகளுக்கும் ஆந்தைகளுக்கும் விவசாயத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய அரசாங்க அறிக்கையை வெளியிட்டார். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இரைப்பைகளை ஆராய்ந்து, பெரும்பாலான பருந்துகள் உழவனுக்கு நன்மை செய்வன என்று அவர் நிறுவினார். இது விஞ்ஞானத்தின் பெருவெற்றி. ஆனால் அதே அறிக்கை, பறவையுண்ணும் வல்லூறுகளைத் தீமை செய்வன என்னும் பட்டியலில் இட்டது. நாம் மேலே கண்ட இரண்டும் அப்பட்டியலில் உள்ளவை. இவ்வாறு நல்ல பருந்து, தீய பருந்து என்னும் பாகுபாடு அறிவியலின் பெயரால் நிலைபெற்றது. 1929இல் அதே மாநிலம் இவ்வகையின் பெரிய உறுப்பினமான கொஸ்ஹோக் என்னும் வல்லூற்றின் தலைக்கு 5 டொலர் விலை வைத்தது. பணத்துக்காக அனுப்பப்பட்ட உடல்களுள் வேறினப் பருந்துகள் பல இருந்தன.

கிற்றற்றினி மலைத்தொடரிற் குறுகிய முகடொன்றின்மீது இலையுதிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பருந்துகள் தாழப் பறந்து செல்லும். வேட்டைக்காரர் அங்கு வரிசையாக அமர்ந்து சுட்டனர். 1932இல் றிச்சர்ட் போ என்பவர் நிலத்தில் அடுக்கப்பட்ட அவ்வுடல்களைப் புகைப்படமெடுத்தார். பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் ஈடுபட்டிருந்தவரான றொசாலி எட்ஜ், 1934இல் ஏறக்குறைய 1,400 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்று, மோறிஸ் புறவுன் என்பவரைக் காவலராக அமர்த்தினார். பருந்துமலைச் சரணாலயம் இவ்வாறு தோன்றியது. பீற்றர்சனின் நூல் வெளிவந்த அதே ஆண்டு அது. கொல்லாது பெயரிடலும், பெயரிடப்பட்டதைக் கொல்லவிடாமையும் ஒரே ஆண்டில் வடிவம் பெற்றன.

எட்ஜ் அம்மையார் எல்லாப் பருந்துகளுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்றார். மாநிலமோ 1937இல் பருந்துகளைக் காக்கும் சட்டமியற்றியபோது மூன்று வல்லூறுகளையும் அதிலிருந்து விலக்கியது. அச்சட்டத்தின் உள்முரணை நோக்குக. துப்பாக்கி ஏந்தியவன், தலைக்குமேல் இரண்டொரு நொடியிற் கடந்துசெல்லும் பறவையைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டதா, புறம்பானதா என முடிவுசெய்ய வேண்டும். பயிற்சி பெற்ற கண்ணே தடுமாறும் முடிவு அது. சுட்டபின் வல்லூறு என்று நினைத்தேன் என்பது அவனுக்குப் போதிய விடையாயிற்று. இனங்காண இயலாதவனிடம் இனங்காணலைச் சார்ந்த சட்டத்தை ஒப்படைத்தல் பாதுகாப்பை மறுப்பதற்குச் சமமாகும். மெக்சிக்கோவுடனான புலம்பெயர் பறவைகள் உடன்படிக்கை 1972இல் திருத்தப்பட்ட பின்னரே நாடு முழுவதிலும் இவ்வெல்லாப் பறவைகளும் பாதுகாப்புப் பெற்றன.

இதற்கு மறுபுறமும் உண்டு. புறவுன் பருந்துமலையிற் பறவைகளை இனவாரியாகவும், இயன்றவிடத்து வயதுவாரியாகவும் எண்ணிவந்தார். வெண்டலைக் கழுகுகளில் இளம்பறவைகளின் பங்கு 1930களின் பிற்பகுதியில் ஏறக்குறைய 40 வீதமாக இருந்து, 1950களின் பிற்பகுதியில் 20 வீதமளவுக்கு வீழ்ந்தமையை அவரது பதிவுகள் காட்டின. 1962இல் றேச்சல் கார்சன் 'மௌன வசந்தம்' நூலில் பூச்சிகொல்லிகளுக்கு எதிரான சான்றுகளுள் ஒன்றாக இதனை எடுத்தாண்டார். இளமையையும் முதிர்ச்சியையும் வேறுபடுத்த அறிந்த கண், இரசாயன நிறுவனங்களுக்கு எதிரான சாட்சியாயிற்று. வேறுபடுத்தும் அறிவு தண்டிக்கவும் பயன்பட்டது, காக்கவும் பயன்பட்டது. அவ்வறிவு நடுநிலையானதன்று, அது யாருடைய நலனுக்குத் துணைநிற்கிறது என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் வினவியே ஆகவேண்டும்.

பருந்தெண்ணும் நிலையங்களின் பதிவேடுகளில் 'இனங்காணப்படாத வல்லூறு' என்றொரு நிரல் உண்டு. அறியாததை அறிந்ததாகக் காட்டாத நேர்மை அந்நிரலில் உளது. அது இல்லாவிடின் ஏனைய நிரல்களையும் நம்புதல் அரிது. முடிவுகளை அவசரமாக அள்ளித்தெளிக்கும் எமது விமர்சன உலகம் அந்நிரலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

5

எமது நிலைமையைச் சுருக்கமாக நோக்குவோம். இலங்கையிலும் இவ்வகையிற் கடினமான மூவர் உளர். ஊர்ப்புறமெங்கும் காணப்படும் வல்லூறு, தொண்டையில் மங்கலான ஒரு கோடும் மார்பில் நுண்ணிய செவ்வரிகளும் உடையது. ஆங்கிலத்தில் பெஸ்றா எனப்படும் காட்டு வல்லூறு, கருமை மிகுந்தது, தொண்டைக்கோடு அழுத்தமானது. மூன்றாவது கொண்டையுடைய பெரிய வல்லூறு. இவற்றோடு, வல்லூற்றின் தோற்றத்தையும் பறப்பையும் ஒத்த குயிலொன்றும் உண்டு. சிறு குருவிகளே அதனைக் கண்டு கலைகின்றன.

தமிழிற் பெயருக்குப் பஞ்சமில்லை. பருந்து, எழால், எருவை, கழுகு, பாறு என்பன சங்கச் செய்யுள்களிலேயே வழங்குவன. வல்லூறு, வைரி, இராசாளி முதலியன பின்னர் வழங்கியவை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் பிராந்து என்பர். ஆனால் எமது நிகண்டு மரபு ஒருபொருட் பன்மொழிகளைத் தொகுப்பதில் வல்லது. பிரிப்பதில் அதற்கு ஆர்வமில்லை. அம்மரபின் வழிவந்த அகராதிகளிற் பல பெயர்களுக்கு 'ஒருவகைப் பருந்து' என்பதே பொருளாக நிற்கிறது. செய்யுளுக்குச் சொல் தேடிய புலவனுக்கு அது போதுமாயிருந்தது. குஞ்சுகளைக் காக்கும் குடியானவப் பெண்ணுக்கும், காட்டோரத்துச் சேனைக்காரனுக்கும் அது ஒருபோதும் போதுமாயிருந்திருக்காது. எது குஞ்சைத் தூக்கும், எது எலியோடும் ஓணானோடும் அமையும் என்பதனை அறிவது அவர்களுக்கு வாழ்க்கைத் தேவை. அவர்களது அறிவு சப்மனின் நூலில் ஏறாதது போலவே எமது அகராதிகளிலும் ஏறவில்லை.

ஆகவே, தமிழிற் கள வழிகாட்டி எழுத முற்படுவோர் ஆங்கில நூல்களின் அடையாளப் பட்டியல்களை மொழிபெயர்ப்பதோடு அமைதல் போதாது. இன்ன சொல் இன்ன இனத்துக்கு எந்த ஊரில், எவரால் வழங்கப்படுகிறது என்பதனை மக்களிடமிருந்து தொகுத்தல் வேண்டும். ஒவ்வோர் அடையாளத்தோடும் அது எந்நிலையில் மெய்யாகும், எந்நிலையிற் பொய்க்கும் என்பதையும் எழுதுதல் வேண்டும். பீற்றர்சனின் எளிமையும், பருந்தெண்ணுவோரின் முழுமை நோக்கும், 'இனங்காணப்படாதது' என எழுதும் துணிவும் அத்தகைய நூலிற் சேர்ந்திருத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் விலங்கியற்றுறைகளும் இணைந்து ஆற்றவேண்டிய பணி இது. எல்லாம் பிராந்துதான் என்னும் சொல்லுக்குப் பென்சில்வேனியாவின் பருந்துகள் கொடுத்த விலையை அறிந்த பின்னர், இப்பணியை வெறும் சொல்லாராய்ச்சி என ஒதுக்குதல் நியாயமாகாது.